நான்கரை மணிச் சீழ்க்கை

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். நீலகிரியில் குந்தா பகுதியிலுள்ள ஒரு நீர்மின் நிலையத்தில் 36 ஆண்டுகள் ஷிஃப்ட் முறையில் பணியாற்றி, பதினோரு மாதங்களுக்கு முன் 60 வயதில் ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறார்கள். மஞ்சூருக்கு அருகே சொந்த வீட்டில் நானும் மனைவியும் வசிக்கிறோம். பணத்திற்குக் குறையில்லை.

ஏதாவது ஒரு பொழுதுபோக்கைப் பழகிக்கொள்ளுமாறு எல்லோரும் சொன்னதால் புல்லாங்குழல் ஒன்று வாங்கி, கைப்பேசியில் பாடம் பார்த்து நாள்தோறும் ஒரு மணி நேரம் ஊதினேன். பணியில் மணிக்கொரு முறை, இயந்திரத்தின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் லாக் புத்தகத்தில் எழுதிய பழக்கத்தால், அன்றன்றைய பயிற்சிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் எழுதிவந்தேன். மூன்று வாரமாகியும் நான்கைத் தாண்டவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் குழலை வாங்கி, ஐந்தே நிமிடத்தில் தெளிவாக ஊதிவிட்டான். அன்றே அதை அலமாரியின் மேல் வைத்துவிட்டேன். பிறகு வீட்டின் பின்புறம் கேரட் விதைத்தேன். தலைமுறைகளாகக் கேரட் பயிரிடுபவர்கள் நடுவில், சுண்டுவிரல் அளவில் பிளந்து வந்த கிழங்கை வெளியில் காட்ட மனம் வரவில்லை.

ஓடும் இயந்திரத்தின் மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்துவைத்துக் கேட்டே பேரிங்கின் நிலையைச் சொல்லக்கூடியவன் நான். அப்படி இருந்தவன் இன்று எதிலும் கற்றுக்குட்டியாக நிற்பது பெரும் வேதனையாக இருக்கிறது. ஷிஃப்ட் பழக்கம் விடாததால் நான்கரை மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வீட்டுக்குக் கீழே ஓடைப் பக்கமிருந்து, ராகம் தெரியாத சிறுவன் சீழ்க்கை அடித்துக்கொண்டே போவதுபோல ஏதோ ஒரு பறவை கூவும். அது ஓயும்வரை கேட்டபடி படுத்திருப்பேன். விடிந்தபின் பகல் முழுவதையும் எப்படிக் கழிப்பது என்ற கலக்கம் வந்துவிடுகிறது. சமையலறையில் குறை சொல்லப்போய் மனைவியுடன் இருமுறை சண்டையும் வந்துவிட்டது. புதிதாக ஒன்றைக் கற்கும் வயதை நான் கடந்துவிட்டேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள ஐயா,

இல்லை, கடக்கவில்லை. வயதால் விரல்களின் வேகம் குறையலாம். ஒன்று மனத்தில் பதியக் கூடுதல் நாட்கள் ஆகலாம். ஆனால், கற்கும் ஆற்றல் 60 வயதில் நின்றுவிடுவதில்லை. ஓய்வுக்காலத்தைக் கட்டங்களாகப் பிரித்து 1970-களில் எழுதிய அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி, தொடக்க மகிழ்ச்சிக்குப் பின் சலிப்பும் ஏமாற்றமும் வரக்கூடும் என்றும், அதன் பின்னரே பலர் தம் நாட்களைப் புதிதாக அமைத்துக்கொள்கிறார்கள் என்றும் விளக்கினார். எல்லோரும் அந்த வரிசையில் செல்வதில்லை என்றாலும், உங்கள் பதினோராவது மாதக் கலக்கம் பலரும் கடந்துவந்த ஒன்றுதான்.

பணியில் சேர்ந்த மூன்றாவது வாரத்தில் அந்த ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்திருந்தால் உங்களுக்கு இரைச்சலைத் தவிர என்ன கேட்டிருக்கும்? அந்தக் காது உருவாக எத்தனையோ ஆண்டுகள் ஆயின. குழலுக்கு நீங்கள் கொடுத்தவை மூன்று வாரங்கள். இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது அந்த மதிப்பெண் ஏடுதான். லாக் புத்தகத்தில் நீங்கள் எழுதியது இயந்திரத்தின் வெப்பத்தையே தவிர, உங்கள் தகுதியை அன்று. பேரிங் சூடேறிய நாளில் அதை உள்ளபடி எழுதியதற்காக நீங்கள் வெட்கப்பட்டிருக்க மாட்டீர்கள். ஓய்வுக்குப் பின் அளவிட இயந்திரம் இல்லாமற்போனதால் அந்தக் கருவியை உங்கள் மேலேயே திருப்பிக்கொண்டீர்கள். அதனால் குழலும் கேரட்டும் உங்களுக்குத் தேர்வுகளாகிவிட்டன.

உங்கள் கடிதத்தில் நீங்கள் உங்களுக்கு மதிப்பெண் போடாத ஓரிடம் உண்டு. தூக்கமின்மையைச் சொல்லும்போது, அந்தச் சீழ்க்கையை அது ஓயும்வரை கேட்டபடி படுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் சீகாரப் பூங்குருவியாக இருக்க வேண்டும். மலை ஓடைகளை ஒட்டி வாழும், கருநீலமும் தோளில் பளிச்சிடும் நீலமும் கொண்ட இப்பறவை, விடியுமுன்னே மனிதர் சீழ்க்கை அடிப்பதுபோலப் பாடும். நான் சொன்னதற்காக நம்பிவிடாமல், வெளிச்சம் வந்தபின் நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு புதிய நோட்டு வாங்கி, குரல் தொடங்கிய நேரம், அது வந்த திசை, மழையா மூடுபனியா, எப்போது ஓய்ந்தது என்பவற்றை மட்டும் எழுதுங்கள். உங்களைப் பற்றி ஒரு வரிகூட அதில் வேண்டாம். காட்டெருமையும் கரடியும் நடமாடும் ஊர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டில் ஓடைக்கு இறங்காமல் திண்ணையிலிருந்தே கேளுங்கள். விருப்பம் நீடித்தால், ஆண்டுதோறும் ஜனவரியில் தமிழகமெங்கும் நான்கு நாட்கள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நீங்களும் சேரலாம். இருந்த இடத்தில் பதினைந்து நிமிடம் கவனித்து, கண்டதையும் கேட்டதையும் பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும். முதல் ஆண்டில் நான்கே பறவைகளை எழுதினாலும் அதுவும் பயனுள்ள பதிவே.

மனைவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஓய்வு பெற்ற நாளில் அவருக்கு வேலை கூடியது. இத்தனை ஆண்டுகள் அவர் தனியாக நடத்திய சமையலறைக்குள் நீங்கள் மேற்பார்வையாளராக நுழைந்தது அவருக்கு வலித்திருக்கும். அதை வாய்விட்டு ஒப்புக்கொள்ளுங்கள். காலைத் தேநீரை இனி நீங்களே போட்டுக்கொடுங்கள். எப்படியும் அவருக்கு முன்பே விழித்துவிடுகிறீர்கள்.

கலக்கமோ எதிலும் பிடிப்பின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நாள் முழுவதும் நீடித்தால், பசி குறைந்தால், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும்கூட, தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

புல்லாங்குழலை மீண்டும் எடுப்பதா என்று இப்போது முடிவு செய்ய வேண்டாம். உள்ளே சிறிது எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். உறைபனிக் காலத்தில் மூங்கில் வெடித்துவிடாமல் இருக்கும்.

அன்புடன்,
ஆலோசகர்