வாசல் வரை போய்த் திரும்பும் பல்வலி

கேள்வி: எனக்கு 36 வயது. பதினொரு வயதில் உறவினர் ஒருவரின் பாலியல் வன்முறைக்கு ஆளானேன், யாரிடமும் சொன்னதில்லை. கடைவாய்ப் பல் சொத்தையாகி ஒரு வருடமாக வலிக்கிறது. இரண்டு முறை பல் மருத்துவமனை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். தினமும் இரவில் குடித்தால்தான் தூக்கம் வருகிறது. 'பயந்தாங்கொள்ளி' என்கிறார் மனைவி.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் மனைவி அறிந்தது பல்வலியை மட்டும்தான், அவர் சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். மல்லாந்து சாய வைத்து, முகத்துக்கு மேலே விளக்கைத் தாழ்த்தி, பேச முடியாதபடி வாயைத் திறந்து வைக்கச் சொல்லி, ஒருவர் தலைமாட்டிலிருந்து குனியும்போது, அன்று அசைய முடியாமல் கிடந்த உடம்பு அதை வைத்தியமாக எடுத்துக்கொள்வதில்லை. இத்தகைய வன்முறைக்கு ஆளானவர்கள் பல் சிகிச்சையையும், உடலைத் தொட்டுச் செய்யும் பரிசோதனைகளையும் தள்ளிப்போடுவது மருத்துவர்கள் அறிந்ததே. ஆனால் 'ஆம்பளைப் பையனுக்கு என்ன ஆகிவிடும்' என்றே பேசிப் பழகிய ஊர் நம்முடையது. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்விலோ, பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினர் சிறுவர்கள்.

முதலில் பல்லைக் கவனியுங்கள். நடந்ததை மருத்துவரிடம் விவரிக்க வேண்டியதில்லை. "சாய்ந்த நிலையில் வாயில் கை வைத்தால் எனக்குப் பதற்றம் வரும்; இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுங்கள்" என்று நேரம் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். முதல் நாள் நாற்காலியைச் சாய்க்காமல் பார்க்க மட்டும் கேளுங்கள். இதற்கு முகம் சுளிப்பவராக இருந்தால் வேறொருவரிடம் போகலாம். பல் மருத்துவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

குடிப்பதையும் அவரிடம் மறைக்காதீர்கள். பல் சீழுக்கு வழக்கமாக எழுதித்தரும் மெட்ரோனிடசோல் மாத்திரையை மதுவோடு சேர்க்கக் கூடாது. மது கண்ணை மூட வைக்குமே தவிர, பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும். அந்த விழிப்புக்குப் பயந்துதான் அளவு கூடுகிறது. ஆனால் தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கமும், சிலருக்கு வலிப்பும் வரலாம் என்பதால், மனநல மருத்துவரின் மேற்பார்வையில் குறைப்பதே பாதுகாப்பானது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மனைவியிடம் எப்போது சொல்வது, சொல்வதா என்பதெல்லாம் உங்கள் விருப்பம். மூன்றாவது முறை போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். காரணம் கேட்டால் "பயமாக இருக்கிறது" என்பது மட்டும் இப்போதைக்குப் போதும்.