அக்காவிடம் கேளுங்கள்: கம்யூனிட்டி காலேஜ் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி கம்யூனிட்டி காலேஜ், அதாவது இரண்டு வருட அரசுக் கல்லூரி, பற்றியவை. அங்கே கவுன்சிலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல. சரி, பார்ப்போம்.

என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே டிஸ்லெக்சியா, வாசிப்பதில் சிரமம். ஹைஸ்கூலில் ஐ.இ.பி. என்ற தனிக் கல்வித் திட்டம் இருந்தது, பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். இப்போது கம்யூனிட்டி காலேஜில் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் டெஸ்டில் மார்க் போய்விட்டது. நான் போன் செய்தால், "மாணவர் சம்மதம் இல்லாமல் பேச முடியாது" என்கிறார்கள். ஃபீஸ் கட்டுவது நான்தானே?
— ஒரு தாய், ஃப்ரீமான்ட்

ஃபீஸ் உங்களுடையது, ஃபைல் அவனுடையது! 1974-ல் வந்த ஃபெர்ப்பா என்ற சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பள்ளிக்கூடம் வரைக்கும் ரெக்கார்டுகளைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு. கல்லூரியில் சேர்ந்ததும் அது பிள்ளைக்குப் போய்விடும், பதினெட்டு வயது ஆகாவிட்டாலும் கூட. போனை எடுத்த பெண்ணைக் கோபித்துப் பயனில்லை. மகன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் உங்களிடம் பேசுவார்கள். ஆனால் அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது.

ஐ.இ.பி. ஹைஸ்கூலோடு முடிந்துவிட்டது. உதவி தேவைப்படும் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிப்பது பள்ளியின் பொறுப்பு. கல்லூரியில் பிள்ளைதான் போய்ச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய இடம் டி.எஸ்.பி.எஸ். அலுவலகம். சில கல்லூரிகளில் அதற்கு வேறு பெயர்ப் பலகை இருக்கும், "மாற்றுத்திறன் மாணவர் சேவை எங்கே?" என்று கேட்டால் காட்டுவார்கள். பழைய ஐ.இ.பி. நகல், மருத்துவர் அல்லது உளவியலாளர் கொடுத்த அறிக்கை, எது கையில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு அவன் போகட்டும்.

அங்கே முதல் கேள்வியே, "உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" என்பதுதான். நம் வீட்டுப் பிள்ளைகள் வந்தால், கேள்வி முடிவதற்குள் அம்மா பதிலை ஆரம்பித்துவிடுவார். நான் என் நாற்காலியை மெதுவாகப் பையன் பக்கம் திருப்பிக்கொள்வேன். "ரெண்டாவது பக்கத்துக்கு மேல வரி மாறிப்போகுது" என்று ஒரு பையன் சொன்னான். அந்த ஒரு வாக்கியம் போதும், அதிலிருந்துதான் என்ன உதவி என்று முடிவாகும். ஒன்றரை மடங்கு நேரம் என்றால் 50 நிமிடப் பரீட்சைக்கு 75 நிமிடம். சத்தமில்லாத தனி அறை, பாடப்புத்தகத்தின் ஒலி வடிவம், நோட்ஸ் எடுக்க உதவி, இப்படி. பேராசிரியருக்கு ஒரு கடிதம் போகும். அதில் என்ன உதவி வேண்டும் என்று இருக்குமே தவிர, பிரச்சினையின் பெயர் இருக்காது. மார்க் ஷீட்டிலும் ஏறாது. "நாளைக்குப் பெண் பார்க்கப் போகும்போது தெரிந்துவிடுமோ?" என்று ஒரு அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார். தெரியாது ஐயா.

ஒரு விஷயம்: ஏற்கெனவே எழுதிய டெஸ்டுக்கு இது செல்லாது. அடுத்த டெஸ்டுக்கு முன் போகச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு ஜூனில் வேலை போய்விட்டது. நாங்கள் சிட்டிசன்கள். நான் 12 யூனிட் பாடம், அதாவது முழுநேரப் படிப்பு, எடுத்திருக்கிறேன். ஒரு புத்தகம் மட்டும் 180 டாலர். மதியம் சாப்பிடாமல் சமாளிக்கிறேன். காலேஜில் இலவச உணவு அலமாரி இருக்கிறது. "அதெல்லாம் நம்ம மாதிரி ஆட்களுக்கு இல்லை" என்கிறார் அம்மா.
— மாணவன், சான் ஹோசே

தம்பி, முதலில் சாப்பாடு. ஒவ்வொரு கம்யூனிட்டி காலேஜும் 2022 ஜூலைக்குள் அடிப்படைத் தேவை மையம் ஒன்றை வைக்க வேண்டும் என்று மாநிலமே சட்டம் போட்டிருக்கிறது. உணவு, வீடு, மனநல உதவி எல்லாவற்றுக்கும் அங்கேதான் வழி காட்டுவார்கள். அலமாரியில் அரிசி, பீன்ஸ் டப்பா, பீநட் பட்டர் இருக்கும், சில நாள் கீரை, ஆப்பிள் வரும். அதன் முன்னால் போனைப் பார்ப்பதுபோல நின்றுவிட்டு, ஆள் நகர்ந்ததும் கை நீட்டும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். லிவர்மோர் கோயிலில் பிரசாத வரிசையில் நிற்க நமக்கு வெட்கமில்லையே, இதற்கு மட்டும் ஏன்? அம்மாவிடம் இதை என் பெயரைச் சொல்லியே கேள்.

அடுத்து, பணம். ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், 12 யூனிட்டுக்கு 552. வருமானம் குறைவாக இருந்தால் காலேஜ் பிராமிஸ் கிராண்ட் இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிடும். அதற்கும் மத்திய அரசு தரும் பெல் கிராண்டுக்கும் சேர்த்து ஃபாஃப்சா என்ற நிதி உதவி விண்ணப்பப் படிவத்தை நிரப்பு. பெல் கிராண்ட் 2025-26-ல் அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு சிக்கல். ஃபாஃப்சா பார்ப்பது உன் அப்பாவின் பழைய வரிக் கணக்கை, அதாவது அவர் நன்றாகச் சம்பாதித்த வருடத்தை. "உதவி இல்லை" என்று பதில் வந்தால் அப்படியே விட்டுவிடாதே. நிதி உதவி அலுவலகத்துக்குப் போய், வீட்டு நிலைமை மாறிவிட்டது, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கேள். அதை "புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்" என்பார்கள். வேலை போன கடிதமும் வேலையில்லாப் படிக்கான காகிதங்களும் கையில் இருக்கட்டும். அவர்களாக இதை எடுத்துச் சொல்வது அபூர்வம்.

கட்டணத் தள்ளுபடி கிடைத்ததும் ஈ.ஓ.பி.எஸ். அலுவலகத்துக்குப் போ. 1969-லிருந்து இருக்கும் திட்டம், இருந்தும் பாதிப் பேருக்குப் பெயரே தெரியாது. முழுநேரம் படிக்கும், வருமானம் குறைந்த, படிப்பில் பின்னணி பலம் இல்லாத மாணவர்களுக்கானது. உன் அப்பா பட்டதாரியாக இருந்தால் இடம் கிடைக்குமா என்பது கொஞ்சம் இழுபறி, எதற்கும் விண்ணப்பித்துப் பார். கிடைத்தால் புத்தகத்துக்குப் பணம், மற்றவர்களுக்கு முன்பே வகுப்பைப் பதிவு செய்யும் உரிமை, உனக்கென்று ஒரு கவுன்சிலர். பதிலுக்குப் பருவத்துக்கு மூன்று முறை தலையைக் காட்ட வேண்டும். கால்ஃபிரெஷ் உணவுத் தொகை கல்லூரி மாணவர்களுக்குச் சுலபமாகக் கிடைக்காது, ஈ.ஓ.பி.எஸ்.-ல் இருந்தால் அந்தத் தடை விலகும்.

180 டாலர் புத்தகமா? நூலகத்தில் "ரிசர்வ்" என்று கேள். இரண்டு மணி நேரம் போலக் கையில் கொடுப்பார்கள். அடுத்த பருவம் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, புத்தகச் செலவே இல்லாத வகுப்புகளுக்குப் பட்டியலிலேயே அடையாளம் போட்டிருப்பார்கள், பார்த்து எடு.

வயது 43. திருநெல்வேலியில் பி.எஸ்சி. முடித்தேன். கிரீன் கார்டு இருக்கிறது. ப்ரீஸ்கூல் டீச்சராக ஆசை. இந்த வயதில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்காருவதா? உதவித்தொகை கிடைக்குமா?
— வாசகி, சன்னிவேல்

தாராளமாக உட்காருங்கள். மாலை வகுப்புக்குப் போய்ப் பாருங்கள், பாதித் தலை நரைத்திருக்கும்.

பெல் கிராண்ட் உங்களுக்குக் கிடைக்காது. ஊரில் வாங்கியதானாலும் பட்டம் பட்டம்தான். ஆனால் காலேஜ் பிராமிஸ் கிராண்டுக்குப் பட்டம் தடையில்லை, வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். தனியார் ப்ரீஸ்கூல் ஆசிரியைக்குக் குழந்தைக் கல்வியில் 12 யூனிட்டும் ஆறு மாத அனுபவமும் வேண்டும். ஆறு யூனிட் முடித்ததும் வேலையில் சேர்ந்துவிட்டு, மீதியைப் பருவத்துக்குக் கொஞ்சமாகப் படிக்கலாம். எந்த ஆறு யூனிட் என்பதைத் தோழி சொல்லை நம்பி எடுக்காதீர்கள். கவுன்சிலரிடம் "எட் பிளான்", அதாவது படிப்புத் திட்டம், போட்டு வாங்குங்கள், அது இலவசம். ஆங்கிலம் பேசத் தயக்கம் என்றால், கிரெடிட் இல்லாத இ.எஸ்.எல். வகுப்புகளுக்குக் கட்டணமே இல்லை.

என்னுடைய எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் மகளுக்கு வெளிமாநிலக் கட்டணமா?
— ஒரு தந்தை, சான் ரமோன்

அவசியமில்லை. எச்-4-ல் இருப்பவர்கள் கலிஃபோர்னியாவில் ஒரு வருடம் நிலையாக இருந்ததைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணம்தான். லீஸ், மாநில வரிக் கணக்கு எல்லாம் எடுத்துவைத்து, அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் கேளுங்கள். மத்திய அரசு உதவித்தொகை மட்டும் கிடையாது. 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் கட்டணம் பல மடங்காகும், அந்தக் கணக்கை இப்போதே போட்டுவையுங்கள்.

கால்குலஸ் மூழ்கடிக்கிறது. வகுப்பை விட்டுவிடலாமா?
— மாணவி, ஹேவர்ட்

விடலாம், ஆனால் பட்டனை அழுத்துமுன் இரண்டு தேதிகளைப் பார். முதல் தேதிக்குள் விட்டால் மார்க் ஷீட்டில் சுவடே இருக்காது. இரண்டாவது தேதிக்குள் விட்டால் "டபிள்யூ" விழும், அது எஃப் வாங்குவதைவிட ஆயிரம் மடங்கு மேல். அதற்கும் பிறகு என்றால் வந்த மார்க்தான். 12 யூனிட்டுக்குக் கீழே இறங்கினால் உதவித்தொகை குறையலாம். எல்லா வகுப்பையும் பாதியில் விட்டால் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள். அதனால் நிதி உதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்.

அதற்கு முன், ட்யூட்டரிங் மையத்துக்கு ஒரு தடவையாவது போனாயா? காசு கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் போ, எங்கள் காலேஜில் அப்போதுதான் கூட்டம் குறைவாக இருக்கும், உன் கணக்கை முழுசாகப் பார்க்க ட்யூட்டருக்கு நேரமும் இருக்கும்.