19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களின் மனைவிகள்: கேள்வி பதில்

கேள்வி: கணவன் இவ்வளவு கொடுமை செய்தும் இந்த நாயகிகள் ஏன் விவாகரத்து வாங்கவில்லை?

நாவல் அச்சான ஆண்டைப் பார்க்காதீர்கள், கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள். இங்கிலாந்தில் விவாகரத்துக்கு நீதிமன்றம் போகும் வழியே 1857 சட்டத்தில்தான் வந்தது. அதன் பிறகும் கணவனுக்கு மனைவியின் கள்ள உறவு ஒன்றே போதுமாக இருந்தது. மனைவி என்றால் அதோடு கொடுமை, கைவிட்டுப் போனது என்று இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டியிருந்தது.

கேள்வி: ஆன் பிராண்டேயின் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' (1848) நாயகி ஹெலன் ஓவியம் விற்றுச் சம்பாதிக்கிறாள். பிறகு எதற்குப் பெயரை மாற்றி ஒளிந்து வாழ வேண்டும்?

நல்ல கேள்வி. கதை நடப்பது 1820களில். அன்று மனைவி சம்பாதித்த காசு சட்டப்படி கணவனுடையது, அவள் உழைப்பு அவளுக்கே என்று சட்டம் சொன்னது 1870இல். குழந்தையும் தகப்பனுக்குத்தான்; தாய் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கேட்டு மனுப்போடவே 1839 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் தன் மூன்று பையன்களையும் கணவனிடம் இழந்து, எழுதி எழுதிப் போராடியதால் கிடைத்தது. ஹெலனின் கணவன் ஹண்டிங்டன் சின்னப் பையனுக்கு மது ஊற்றிப் பழக்குகிறான், மனைவியின் நாட்குறிப்பைப் பிடுங்கிப் படித்துவிட்டு ஓவியச் சாமான்களை நெருப்பில் போடுகிறான். இத்தனைக்கும் சட்டத்தின் கண்ணில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவள்தான் குற்றவாளி. வேறு பெயரில் ஒளியாமல் என்ன செய்வாள்?

கேள்வி: ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நாயகி டோரதியா?

கதை 1829–32இல் நடக்கிறது. என் உறவினன் லாடிஸ்லாவை மணந்தால் என் சொத்து உனக்கில்லை என்று உயிலில் எழுதிவைத்துவிட்டுச் சாகிறார் அவள் கணவர் கசாபன். தனக்கென்று ஆண்டுக்கு 700 பவுண்டு இருந்ததால்தான் அவளால் அதை உதற முடிந்தது. அந்த 700ஐக் கவனிக்காமல் காதலை மட்டும் பேசுகிறோம்.

கேள்வி: அன்னா கரேனினா ஏன் விவாகரத்து...

ரஷ்யச் சட்டம் வேறு. ரஷ்ய இலக்கியம் படித்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஜேன் ஏர் ஏன் ராச்செஸ்டரை விவாகரத்து...

அவன் மனைவி பெர்த்தா உயிரோடு இருப்பதால் முதலில் கல்யாணமே நடக்கவில்லை. மீதிக்கு முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஓடிப்போன ஹெலன், குடிகாரன் சாகக் கிடக்கும்போது திரும்பிப் போய்ப் பணிவிடை செய்கிறாளே! இதுவா விடுதலை?

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போனதும் அவள் முதலில் கேட்பது கையெழுத்து. பையன் தன் பொறுப்பில்தான் என்று சாட்சி வைத்து எழுதி வாங்கிய பிறகே பிள்ளையை அவன் கண்ணில் காட்டுகிறாள். சட்டம் தராததைத் தாளில் வாங்கியவளை அடங்கிப்போனவள் என்கிறீர்களா?

கேள்வி (அவரேதான்): அவள் போனது மதக் கடமைக்காக. அதை மறைக்கிறீர்கள்.

மறைக்கவில்லை, அவனுடைய ஆன்மாவைக் காப்பாற்றத்தான் போனாள். அந்த நம்பிக்கை அவளுடையது, யாரும் அவளை இழுத்துப் போகவில்லை. தாளும் அவள் கையில் இருந்தது.

கேள்வி (மறுபடியும் அவரே): சரி, கணவன் செத்த அப்புறம், ஒளிந்திருந்த ஊரில் அவளைக் காதலித்த கில்பர்ட்டைக் கட்டிக்கொண்டு அதே சட்டத்துக்குள்தானே போகிறாள்?

ஆமாம், இதில் மறுக்க ஒன்றுமில்லை. பனியில் பூத்த ரோஜாவைப் பறித்து நீட்டி விருப்பத்தை முதலில் சொல்பவள் அவள்தான், ஆனால் சட்டம் மாறவில்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் வாதத்துக்கு உதவும்: நாவல் முழுவதும் கில்பர்ட் தன் மைத்துனனுக்கு எழுதும் கடிதம். ஹெலனின் நாட்குறிப்பு அதற்குள்தான் வருகிறது, அதாவது அவள் குரலும் ஓர் ஆண் சொல்லும் கதைக்குள்தான்.