நடனம் மட்டுமே கற்ற ஒருவர் தொலைக்காட்சி இயக்குநராக, தயாரிப்பாளராக உயர முடியுமா?

"சிறு வயதிலிருந்து பரதநாட்டியம் மட்டுமே கற்றிருக்கிறேன். வயது 31. தொலைக்காட்சி நடன அமைப்பிலிருந்து இயக்கத்துக்கும் தயாரிப்புக்கும் செல்ல முடியுமா, அல்லது ஊடகப் படிப்பைப் புதிதாகத் தொடங்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்பதே என் பதில். சிங்கப்பூரில் நடன ஆசிரியையாக இருந்துகொண்டே தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு நடனம் அமைத்து வருபவள் நான். எனக்கு முன்மாதிரியாக இருந்த அமெரிக்க நடனக் கலைஞர் டெபி ஆலனின் தொழில் வாழ்க்கையைக் கொண்டே இதை விளக்குகிறேன்.

டெபி ஆலன் 1950-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பிறந்தவர். கறுப்பினச் சிறுமி என்பதால் அவ்வூரின் பாலே பள்ளி முதலில் அவருக்கு இடம் மறுத்தது. பின்னர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைகளில் ஆடிப் பெயர் பெற்றார். 1980-இல் வெளிவந்த 'ஃபேம்' திரைப்படத்தில் அவருக்குச் சிறு வேடமே கிடைத்தது. ஆனால் 1982-இல் அதே கதை தொலைக்காட்சித் தொடரானபோது நடன ஆசிரியை வேடத்தில் நடித்ததோடு, தொடரின் நடன அமைப்பையும் ஏற்று, அதற்காக 1982, 1983 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார். சில பகுதிகளை இயக்கியதும் அதே தொடரில்தான். இயக்கம் கற்பதற்காக அவர் வேறிடம் தேடிப் போகவில்லை. தாம் நடனம் அமைத்த அதே தளத்தில் அடுத்த வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நடன அமைப்பாளருக்கு இயக்கம் ஏன் அந்நியமாக இருப்பதில்லை என்பதை நான் ஒரு தோல்வியின் மூலமாகவே புரிந்துகொண்டேன். என் முதல் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிக்கு எட்டு மாணவிகளைப் பல வாரங்கள் பழக்கியிருந்தேன். ஜதி என்னும் சொற்கட்டு முடிந்து, அதை நிறைவு செய்யும் தீர்மானத்தின் கடைசித் தட்டு சமத்தில், அதாவது தாளச் சுற்றின் தொடக்கத்தில், விழும் நொடியில், திரையில் ஒரு பெண்ணின் முகம் மட்டுமே இருந்தது. எட்டுப் பேரின் கால்களும் கேமராவின் சட்டத்துக்கு வெளியே இருந்தன. சலங்கை ஒலி மட்டும் கேட்டது. வீட்டில் அமர்ந்து அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இயக்குநர்மீது பழி போட முடியாது. அவருக்குத் தாளம் தெரியாது, எனக்குக் கேமரா தெரியாது.

அடுத்த படப்பிடிப்பில், ஒத்திகை முடிந்ததும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார அனுமதி கேட்டேன். கேமராக்களை மாற்றுபவருக்குப் பின்னால் அமர்ந்து, ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும் (எண்ணிக்கைகளையும்) தொடையில் தட்டிக்கொண்டு, மாற வேண்டிய இடத்துக்கு இரண்டு அட்சரம் முன்பாகவே "வருது, வருது" என்று சொன்னேன். அவருடைய விரல் சரியாகச் சமத்தில் பொத்தானை அழுத்தியது. இன்னொன்றையும் அந்த அறையில்தான் கற்றேன்: மேடையின் முன்வரிசையில் ஆடுபவருக்கு நிறைய இடம் உண்டு, கேமராவின் பார்வையோ லென்ஸருகே குறுகி, தொலைவு செல்லச் செல்ல விரிகிறது. ஆகவே முன்னால் இருவரும் பின்னால் அறுவருமாக நிற்க வைத்தால்தான் எட்டுப் பேரும் சட்டத்துக்குள் வருவார்கள். இதை அறிந்து ஆட்களை நிறுத்துகிறவர் பாதி இயக்குநர் ஆகிவிட்டார் என்றே நான் நம்புகிறேன்.

டெபி ஆலனிடம் நான் மிகவும் மதிப்பது 'எ டிஃபரன்ட் வேர்ல்ட்' தொடரில் அவர் செய்த வேலையை. கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி ஒன்றில் நடக்கும் அத்தொடரின் முதல் பருவம் 1987-இல் வெளிவந்தபோது, அதில் கல்லூரி வாழ்க்கையின் உண்மை போதவில்லை என்ற குறை இருந்தது. 1988-இல் தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் பொறுப்பேற்ற ஆலன், எழுத்தாளர்களை அட்லாண்டாவில் உள்ள அத்தகைய கல்லூரிகளுக்கே அழைத்துச் சென்று மாணவர்களோடு பேச வைத்தார். எய்ட்ஸ், இனவெறி, லாஸ் ஏஞ்சலஸ் கலவரம் ஆகியவை நகைச்சுவைத் தொடர் ஒன்றின் கதைக்குள் வந்தன. மொத்தம் 144 பகுதிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவரே இயக்கினார். குருவின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பதம் என்னும் பாடலின் பொருளைக் கேட்டறிந்த பிறகே அபிநயம் பிடிக்கும் நமக்கு, அவர் செய்தது ஏன் என்று எளிதில் விளங்கும்.

தயாரிப்பு வேறு வகையான பொறுமையைக் கேட்கிறது. 'அமிஸ்டாட்' கப்பலில் அடிமைகள் செய்த கிளர்ச்சியின் வரலாற்றைப் படித்த ஆலன், அதைப் படமாக்கப் பல ஆண்டுகள் கதவு கதவாகத் தட்டி, கடைசியில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கை இயக்க இசைய வைத்தார். 1997-இல் படம் வந்தது. பிறகு 'கிரேஸ் அனாடமி' தொடரில் நடிகையாகவும் இயக்குநராகவும் நிர்வாகத் தயாரிப்பாளராகவும் ஒரே காலத்தில் பணியாற்றினார். நடனத்தை அவர் ஒருநாளும் விட்டுவிடவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் தம் பெயரிலேயே நடனப் பள்ளி நடத்துகிறார்.

நம் சிங்கப்பூரிலும் நடன அமைப்பாளர் இயக்குநரைப்போல் சிந்தித்ததற்குச் சான்று உண்டு. பட்டாம்பூச்சிக் காதலர் என்ற சீனக் கதையை 1958-இலேயே பரதநாட்டியமாக அமைத்தவர் மறைந்த சாந்தா பாஸ்கர். இன்று தமிழ் நிகழ்ச்சிகளுக்கான வசந்தம் தொலைக்காட்சி ஒளிவழியும் இருக்கிறது. சிறு குழுக்கள் தாமே படமெடுக்கும் வசதியும் இருக்கிறது.

வயதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். 'எ டிஃபரன்ட் வேர்ல்ட்' தொடரின் பொறுப்பை ஏற்றபோது ஆலனுக்கு 38 வயது. படிப்பில் சேர்வதற்கு முன், உங்கள் அடுத்த நிகழ்ச்சியின் ஜதியைத் தாளில் எழுதி, ஒவ்வோர் ஆவர்த்தனத்துக்கும் (தாளச் சுற்றுக்கும்) பக்கத்தில் எந்தக் கேமரா, முகமா, காலா, முழுக் குழுவா என்று குறித்து, படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பாகவே இயக்குநரிடம் கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்த முதல் தாளை என் நிகழ்ச்சியின் இயக்குநர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், இரண்டாவது நிகழ்ச்சிக்கு அவரே தொலைபேசியில் அழைத்து, "தாள் எங்கே?" என்று கேட்டார்.