எக்ஸ்பாண்டர் இறுக்கமும் தூக்கமும்
சகோதரி, மார்பக அறுவைக்குப் பின் தோலை மெல்ல விரிக்க உள்ளே வைக்கும் பையான எக்ஸ்பாண்டரில் இரண்டாவது முறை உப்புநீர் ஏற்றியதிலிருந்து நெஞ்சில் பட்டை கட்டியதுபோல் இறுகுகிறது, படுக்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஏற்றியபின் இரண்டு மூன்று நாள் தசையும் தோலும் இழுபடும், அப்புறம் தளரும். தளரவே இல்லையென்றால் அடுத்த முறை அளவைக் குறைக்கவோ ஒரு வாரம் தள்ளிப்போடவோ முடியுமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். கதிர்வீச்சு சிகிச்சை இருந்தால் மட்டும் ஏற்றும் நாட்களின் கணக்கு வேறு.

முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து படுங்கள். இரண்டு கைகளுக்கு அடியிலும் சின்னத் தலையணை. எனக்கு இதுதான் கைகொடுத்தது. காய்ச்சலோ, சிவப்போ, ஒரு பக்கம் திடீர் வீக்கமோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்று, பல எக்ஸ்பாண்டர்களில் ஊசி ஏற்றும் இடத்தில் காந்தம் இருக்கும். எம்.ஆர்.ஐ. என்பது பலமான காந்தத்தால் எடுக்கும் ஸ்கேன், அதனால் யாராவது அதை எடுக்கச் சொன்னால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.