களிமண் கலந்த மக்கும் பிலிம்: கூடுதல் விலைக்குத் தகுமா?

கேள்வி: பொடி வகைகளைச் சிறு அளவில் பொட்டலம் போட்டு விற்கிறேன். ஸ்டார்ச்சில் செய்த மக்கும் பிலிமுக்கு மாற ஆசை. விற்பவர், 'நானோ களிமண் சேர்த்திருக்கிறோம், காற்றும் ஈரமும் புகவே புகாது' என்று சொல்லி விலையைக் கூட்டுகிறார். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். பெரும்பாலும் இதற்குச் சேர்ப்பது மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண். சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒரு தகட்டின் தடிமன் சுமார் 1 நானோமீட்டர், அகலமோ அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். கட்டு பிரிந்து தகடுகள் தனித்தனியாகப் பிலிமுக்குள் படுத்துக் கிடந்தால், ஆக்சிஜனும் நீராவியும் நேராகக் கடக்க முடியாமல் ஒவ்வொரு தகட்டையும் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருக்கும், அதனால் கசிவு குறையும். இதற்கு எடையில் 3 முதல் 5 சதவீதக் களிமண் போதும். அதற்கு மேல் கொட்டினால் தகடுகள் பிரியாமல் கட்டிதட்டிப்போகும், அப்புறம் அது வெறும் மண்தான். 'எங்களுடையதில் களிமண் அதிகம்' என்று யாராவது பெருமையடித்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

'புகவே புகாது' என்பது மட்டும் பொய். ஸ்டார்ச் தண்ணீரை இழுக்கும் பொருள், வளைந்துகொடுக்க அதில் சேர்க்கும் கிளிசரினும் அப்படியே. களிமண் வேகத்தைத் தணிக்கும், சுபாவத்தை மாற்றாது. விவரத்தாளில் ஆக்சிஜன் கசிவு எண்ணைக் காட்டினால், எத்தனை சதவீத ஈரப்பதத்தில் அளந்தது என்று கேளுங்கள். 0 சதவீதத்தில் அளந்தால் களிமண் இல்லாத ஸ்டார்ச் பிலிமே பிரமாதமாகத்தான் தெரியும். ஈரம் ஏற ஏறத்தான் குட்டு வெளிப்படும். அதே தடிமனில், களிமண் சேர்க்காத பிலிமின் எண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அதைத் தரத் தயங்கினால் கூடுதல் விலை எதற்கு?

நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த பொடியைப் புதுப் பிலிமிலும் இப்போது பயன்படுத்தும் பிலிமிலும் ஒரே அளவு போட்டு, ஒரே அலமாரியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடை பாருங்கள். ஏறுகிற எடை பெரும்பாலும் உள்ளே போன ஈரம், ஸ்டார்ச் பிலிமே இழுத்துக்கொண்ட ஈரமும் கொஞ்சம் அதில் இருக்கும். சீல் சரியில்லை என்றாலும் எடை ஏறும், அதனால் ஒவ்வொன்றிலும் நாலைந்து பொட்டலம் வையுங்கள்.

கேள்வி: மாதிரி வாங்கிப் பார்த்தேன். இழுத்தால் உறுதியாக இருக்கிறது, மடித்தால் விரிசல் விடுகிறது. மட்டமான சரக்கா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. களிமண் சேர்த்தால் பிலிம் விறைப்பாகும், இழுவிசையைத் தாங்கும். பதிலுக்கு நீளும் தன்மை பெரும்பாலும் குறையும். கிளிசரின் குறைவாக இருந்தாலும், பிலிம் வறண்ட இடத்தில் கிடந்து காய்ந்திருந்தாலும் இதே கதைதான். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் களிமண் சரியாகப் பிரியவில்லை என்று சந்தேகப்படலாம். மடிப்பு அதிகமுள்ள பொட்டலத்துக்கு இது வேண்டாம்.

கேள்வி: பிஎல்ஏ (சோளம், கரும்பு போன்ற பயிர்களிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) பிலிமிலும் களிமண் சேர்க்கிறார்களாமே? சூடான பொருளை அதில் கட்டலாமா? உடம்புக்கு ஒன்றும் ஆகாதா?

பதில்: பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும், களிமண் சேர்ப்பதால் அந்த எல்லை பெரிதாக நகராது, அதனால் சூடாகக் கட்டாதீர்கள். இன்னொன்று, சாதாரணக் களிமண் பிஎல்ஏவோடு ஒட்டாது என்பதால் அம்மோனியம் வகை வேதிப்பொருளால் பதப்படுத்திச் சேர்ப்பார்கள். ஆகவே களிமண்ணுக்கு மட்டும் வாங்கிய சான்றிதழைப் பார்த்துத் திருப்தியடையாமல், முழுமையான பிலிமுக்கு, உணவில் எவ்வளவு இறங்குகிறது என்ற சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.