எல்எல்எம் எதுல பண்றது? மனித உரிமையா, சர்வதேச சட்டமா?
வாசகர் கேள்வி – வக்கீல் பதில்

கேள்வி: மேடம், நான் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில அஞ்சு வருஷ கோர்ஸ், இது கடைசி வருஷம். அடுத்து எல்எல்எம், அதான் சட்ட முதுகலை, பண்ணணும்னு இருக்கேன். ஹியூமன் ரைட்ஸ் எடுத்தா வேலையே கிடைக்காது, இன்டர்நேஷனல் லா எடுத்தா ஐநா சபை வரைக்கும் போகலாம்னு சீனியர்ஸ் சொல்றாங்க. 2020ல பத்தாவது பரீட்சை ரத்தாச்சே, அந்த வருஷம் நான் பத்தாவது. அப்பதான் சாத்தான்குளத்துல ஒரு அப்பாவையும் மகனையும் போலீஸ் ஸ்டேஷன்ல அடிச்சு ரெண்டு பேரும் செத்தாங்க. அதப் பாத்துட்டுத்தான் லா படிக்கணும்னு முடிவு பண்ணேன். நான் எத எடுக்கட்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சாத்தான்குளத்த எழுதியிருக்கியேம்மா, அங்கிருந்தே பேசுவோம். அந்த வழக்குல என்னென்ன சட்டம் வேலை செஞ்சுச்சுன்னு யோசிச்சுப் பாரு. ஹைகோர்ட்டோட மதுரைக் கிளை தானா முன்வந்து விசாரணைக்கு எடுத்துச்சு, கோவில்பட்டி மாஜிஸ்திரேட் போயி விசாரிச்சாரு, அவருக்கு அங்க ஒத்துழைப்பு கிடைக்கலன்னதும் போலீஸ் ஸ்டேஷனையே வருவாய்த்துறை கையில குடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டுச்சு. காவல்ல ஒருத்தர் செத்தா மாஜிஸ்திரேட் விசாரிக்கணும்ங்கறது அப்ப இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் (2024ல இருந்து அதோட இடத்துல பிஎன்எஸ்எஸ்ங்கற புதுச் சட்டம்), கைது பண்ணா என்னென்ன எழுதி வைக்கணும் யாருக்குச் சொல்லணும்ங்கறது டி.கே.பாசு வழக்குல 1996ல உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பு, ரிமாண்ட் பண்றப்ப ஆள நேர்ல பாத்து காயம் இருக்கான்னு கேக்க வேண்டியது மாஜிஸ்திரேட்டோட கடமை. இது எல்லாமே உள்நாட்டுச் சட்டம். சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கைன்னு ஒண்ணு இருக்கு, இந்தியா 1997லயே கையெழுத்துப் போட்டுச்சு, ஆனா இன்னும் ரேட்டிஃபை பண்ணல, அதாவது முறைப்படி ஏத்துக்கல. அதனால அத நேரா தூக்கிட்டு கோர்ட்டுக்குப் போக முடியாது, வாதத்துக்குத் துணையா வேணும்னா வச்சுக்கலாம்.

ஸ்டேஷன்ல அடிபட்டவனுக்காக நிக்கணும்ங்கறதுதான் உன் மனசுல இருக்குன்னா நீ எடுக்க வேண்டியது மனித உரிமை, அதுவும் கிரிமினல் சைடு நல்லாத் தெரிஞ்ச மனித உரிமை. சர்வதேச சட்டத்தோட அடிப்படையே வேற. ரெண்டு நாட்டுக்கு நடுவுல இருக்கிற ஒப்பந்தம், கடல் எல்லை, தூதர்களோட சலுகை, போர்ச் சட்டம், தீர்ப்பாயம் இதெல்லாம்தான் அதுல பெரும்பங்கு, மனித உரிமை அதுல ஒரு கிளை. ரெண்டும் ஒட்டுற இடமும் இருக்கு, 1997 விசாகா தீர்ப்புல வேலை இடத்துல பாலியல் தொல்லைக்கு உள்நாட்டுல சட்டமே இல்லாதப்ப பெண்கள் உரிமை பத்தின சர்வதேச உடன்படிக்கைய எடுத்து வச்சுத்தான் உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் குடுத்துச்சு. அதனால எத எடுத்தாலும் இன்னொண்ணுல ஒரு பேப்பராவது படிச்சே ஆகணும்.

வேலையே கிடைக்காதுங்கறது பாதிதான் நிஜம். காலேஜ் வாத்தியார் வேலைக்குப் போகணும்னா அதுக்கான யூஜிசி நெட் தேர்வுல சட்டம்னு ஒரு சப்ஜெக்ட் இருக்கிற மாதிரியே மனித உரிமைகளும் கடமைகளும்னு தனியா ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. அதே சமயம் டெல்லியில வெளியுறவு அமைச்சகத்துல சட்டமும் ஒப்பந்தங்களும் பாக்கிற பிரிவு ஒண்ணு இருக்கு, அங்க லீகல் ஆபீசர் எடுக்க யூபிஎஸ்சி விளம்பரம் வர்றப்ப சர்வதேச சட்டம், சர்வதேச உறவு, சர்வதேச அமைப்புகள் மாதிரி ஸ்பெஷலைசேஷனோட முதுகலை கேக்கறாங்க. அந்த வேலை மேல ஆசை இருந்தா சர்வதேச சட்டம்தான் எடுக்கணும், அதுல சந்தேகமே இல்ல.

எங்க படிக்கறதுன்னா, சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துல ரெண்டுமே தனித்தனி பிரிவா இருக்கு, மனித உரிமைகளும் கடமைகளும் ஒண்ணு, சர்வதேச சட்டமும் அமைப்புகளும் இன்னொண்ணு. கிளாட் பிஜி நுழைவுத் தேர்வு எழுதினா திருச்சியில இருக்கிற தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் உட்பட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குப் போகலாம், அங்கெல்லாம் பெரும்பாலும் ஒரு வருஷப் படிப்பு. சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் ஆபீஸ்ல கேட்டுக்க, ஸ்பெஷலைசேஷன் பேரு சர்டிபிகேட்ல அச்சாகி வருமா இல்ல எலெக்டிவ் பேப்பரா மார்க்‌ஷீட்ல மட்டும் வருமான்னு. இது சின்ன விஷயமாத் தெரியும், பின்னாடி ஒரு வேலைக்கு அப்ளை பண்றப்ப அந்த ஒரு வரி இல்லாம அலைஞ்சவங்கள எனக்குத் தெரியும்.

கோர்ஸ் பேரப் பாத்து சேராதம்மா, டிசர்டேஷன, அதான் கடைசியில எழுதற ஆய்வுக் கட்டுரைய, யாரு கைட் பண்றாங்க, அவங்க கடைசியா எதப் பத்தி எழுதியிருக்காங்கன்னு பாரு. ஜெயிலுக்கும் முகாமுக்கும் பசங்களக் கூட்டிட்டுப் போற லீகல் கிளினிக் நெசமாவே நடக்குதா, போர்டு மட்டும் மாட்டி வச்சிருக்காங்களான்னு படிச்சுட்டு இருக்கிற ரெண்டு பேரக் கேளு.

இன்னொண்ணு, இத நான் அழுத்திச் சொல்லுவேன். முடிச்ச உடனே எல்எல்எம் சேராத. என்ரோல் பண்ணு, பார் எக்ஸாம் எழுது, ரெண்டு வருஷம் பாளையங்கோட்டையில கிரிமினல் சைடு பாக்குற ஒரு நல்ல சீனியர் கிட்ட இரு. நான் நேரா சேர்ந்தவதான். கைது பண்ணதும் போலீஸ் எழுத வேண்டிய அரெஸ்ட் மெமோ பத்தி பதினஞ்சு பக்கம் அசைன்மென்ட் எழுதினேன், அதுவரைக்கும் ஒரு அரெஸ்ட் மெமோவ கையில தொட்டதில்ல. பிராக்டிஸ் வந்தப்புறம் ஒரு ரிமாண்ட் அன்னிக்கு ராத்திரி மாஜிஸ்திரேட் வீட்டு வாசல்ல ஒரு அம்மா கூட நின்னப்பதான் அந்தப் பதினஞ்சு பக்கமும் எனக்குப் புரிஞ்சுது. அத முன்னாடியே பாத்திருந்தா க்ளாஸ்ல வேற கேள்வி கேட்டிருப்பேன். படிக்கறப்பவே லீவுல தேசிய மனித உரிமை ஆணையத்துல இன்டர்ன்ஷிப்புக்கு அப்ளை பண்ணு. சென்னை கிரீன்வேஸ் ரோட்டுல மாநில ஆணையம் இருக்கு, ஒரு நாளாவது போயி விசாரணை எப்படி நடக்குதுன்னு பாரு. ஆணையம் சொல்றது வெறும் பரிந்துரைதானேன்னு ரொம்ப காலம் பேசிட்டு இருந்தாங்க, 2021 பிப்ரவரியில மெட்ராஸ் ஹைகோர்ட் ஃபுல் பெஞ்ச் அது அரசாங்கத்தக் கட்டுப்படுத்தும்னு தீர்ப்பு குடுத்துச்சு. டிசர்டேஷன் டாபிக் தேடினா அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் எத்தன உத்தரவு நிஜமா அமலாச்சுன்னு ஆர்டிஐ போட்டு தேடு, உனக்கும் உதவும் ஊருக்கும் உதவும்.

கேள்வி: வணக்கம் மேடம். அப்பா விசைப்படகுல போறவர், ரெண்டு தடவ இலங்கை நேவி பிடிச்சு ஊர்க்காவற்துறை கோர்ட்டுல நிறுத்தியிருக்காங்க. நான் பிஎல் முடிச்சுட்டேன். இன்டர்நேஷனல் லா படிச்சா எங்க பிரச்சனைக்கு ஏதாவது பண்ண முடியுமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முடியும் தம்பி, ஆனா எதிர்பார்ப்ப சரியா வச்சுக்கணும். கடல் எல்லை பத்தி இந்தியாவும் இலங்கையும் போட்ட 1974 ஒப்பந்தத்தையும் 1976 ஒப்பந்தத்தையும் 1976ல ரெண்டு அரசும் மாத்திக்கிட்ட கடிதத்தையும் நீங்களே ஒரு தடவ வரி வரியாப் படிங்க. கச்சத்தீவுக்குப் போக வர மீனவர்களுக்கும் யாத்திரீகர்களுக்கும் உரிமை உண்டுன்னு 1974ல இருக்கு, ஒரு நாட்டுப் படகு இன்னொரு நாட்டுக் கடல்ல மீன் பிடிக்கக் கூடாதுன்னு 1976 கடிதத்துல இருக்கு, அம்பது வருஷ வாக்குவாதத்துல பாதி இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஓடிட்டு இருக்கு. மேடையில பேசறவங்க பல பேரு 1982 ஐநா கடல் சட்ட உடன்படிக்கையில 73வது பிரிவ எடுத்துச் சொல்வாங்க, பிடிபட்ட படகையும் ஆளையும் பிணை வாங்கிட்டு சீக்கிரம் விடணும், ஒப்பந்தம் இல்லாம ஜெயில் தண்டனை கூடாதுன்னு அதுல இருக்கறது உண்மைதான். ஆனா அந்தப் பிரிவு கரையில இருந்து 200 கடல் மைல் வரைக்கும் போற பிரத்யேக பொருளாதார மண்டலத்துக்கு, பாக் நீரிணையோ ரொம்ப குறுகலான கடல், வரலாற்று நீர்ப்பரப்புன்னு ரெண்டு நாடும் எடுத்துக்கிட்ட இடம். இந்த வித்தியாசம் தெரியாம மனு போட்டா முதல் ஹியரிங்லயே அடிபட்டுப் போகும். இதத் தெரிஞ்சுக்கத்தான் படிப்பு.

2012 பிப்ரவரியில ஒரு இத்தாலிக் கப்பல்ல இருந்த இத்தாலி கடற்படை வீரர்கள் சுட்டு நம்ம மீனவர் ரெண்டு பேரு செத்தாங்களே, அந்த என்ரிகா லெக்ஸி வழக்கையும் முழுசாப் படிங்க. கேரளா போலீஸ் ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு ஹேக் நடுவர் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. 2020ல வந்த தீர்ப்புல அந்த வீரர்களுக்கு இந்திய கோர்ட்டுல விசாரணையில இருந்து விலக்கு உண்டு, ஆனா இந்தியாவுக்கு இழப்பீடு குடுக்கணும்னு சொல்லிட்டாங்க, 10 கோடி ரூபா வந்து 2021ல உச்ச நீதிமன்றம் வழக்க முடிச்சுது. இங்க முக்கியமா கவனிக்க வேண்டியது, அந்த மாதிரி தீர்ப்பாயத்துக்கு மீனவன் நேராப் போக முடியாது, நாடுதான் போகணும். அதனால உங்க வேலை ரெண்டு இடத்துல இருக்கும், ஒண்ணு ஹைகோர்ட்டுல ரிட் போட்டு அரசாங்கத்த நகர வைக்கிறது, இன்னொண்ணு டெல்லி வெளியுறவு அமைச்சக மேசைக்கு உள்ளயே போயி உக்கார்றது.

படிக்க, டெல்லி தெற்காசியப் பல்கலைக்கழகத்துல ரெண்டு வருஷ எல்எல்எம் சர்வதேச சட்டத்துக்குன்னே நடக்குது. சார்க் நாடுகளுக்காக ஆரம்பிச்ச யூனிவர்சிட்டிங்கறதால இலங்கைப் பசங்களோட ஒரே க்ளாஸ்ல உக்காரலாம். இத நான் பெரிய வரமா நினைக்கிறேன் தம்பி, ஏன்னா கடலோட அடி வரைக்கும் வாரி இழுக்கிற இழுவைமடியால எங்க வலையும் போச்சு மீனும் போச்சுன்னு அந்தப் பக்கத்துத் தமிழ் மீனவன் சொல்றத காது குடுத்துக் கேக்காம இந்தப் பிரச்சனைய யாராலயும் தீர்க்க முடியாது. இலங்கையில 2017லயே இழுவைமடியச் சட்டம் போட்டுத் தடை பண்ணிட்டாங்க. கடல் சட்டம் மட்டும் போதும்னா மால்டாவுல சர்வதேச கடல்சார் அமைப்போட சட்ட நிறுவனம் நடக்குது, அதையும் பாருங்க.

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில சட்டம் முடிச்சனான். 2009இல அண்ணா காணாமல் ஆக்கப்பட்டவர், அம்மா இப்பவும் ரோட்டோரப் போராட்டத்தில இருக்கிறா. மேல படிக்க வெளிநாடு போனால் நல்லமோ?
– வாசகி, வவுனியா

பதில்: தங்கச்சி, அம்மாவ நான் கேட்டதாச் சொல்லுங்க. உங்களுக்கு ரெண்டும் சேர்ந்த படிப்புதான் வேணும், சர்வதேச மனித உரிமைச் சட்டம். இந்தியாவுல இருக்கிறவங்க ஐநா மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபரா முறையிட முடியாது, இலங்கையில இருக்கிறவங்க முடியும், அதுக்கு வழி விடற விருப்ப நெறிமுறைங்கற ஒப்பந்தத்துல இலங்கை 1997ல சேர்ந்துச்சு. ஆனா சிங்கராசாங்கற தமிழ்க் கைதியோட வழக்குல ஐநா குழு 2004ல அவருக்குச் சாதகமாச் சொன்னதுக்கு அப்புறமும், 2006ல இலங்கை சுப்ரீம் கோர்ட் அதுக்கு உள்நாட்டுல செல்லுபடி இல்லன்னு சொல்லிடுச்சு. ஜெனீவாவுல கிடைக்கிறது கொழும்புல ஏன் நிக்கலங்கற கேள்வியத்தான் உங்க எல்எல்எம் முழுக்க நீங்க தூக்கிச் சுமக்கணும். வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான உடன்படிக்கைய இலங்கை 2016ல ஏத்துக்கிச்சு, 2018ல அதுக்குச் சட்டமும் போட்டுச்சு. அந்தச் சட்ட வாசகத்தையும் உடன்படிக்கையையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு எங்க எங்க குறையுதுன்னு இப்பவே ஒரு நோட்டுல குறிங்க, அப்ளிகேஷன்ல எழுத அதவிட நல்ல விஷயம் இல்ல. 2021 மார்ச்ல ஐநா மனித உரிமைப் பேரவை 46/1 தீர்மானம் போட்டு சாட்சியங்கள சேர்த்துப் பாதுகாக்கற வேலையத் தொடங்குச்சு, சாட்சியத்த எப்படி எடுக்கணும் எப்படிப் பத்திரப்படுத்தணும்ங்கற பாடம் எந்தக் கோர்ஸ்ல இருக்கோ அதுக்கு முன்னுரிமை குடுங்க.

இங்கிலாந்துல எசெக்ஸ், அயர்லாந்துல கால்வே, ஸ்வீடன்ல லுண்ட், ஜெனீவா அகாடமி இந்த நாலு இடத்தோட பாடத்திட்டத்தையும் இறக்கிப் படிங்க. ஜெனீவாவுல போர்ச் சட்டம் கூட இருக்கும், உங்க விஷயத்துக்கு அது தேவை. இங்கிலாந்துக்கு செவனிங் உதவித்தொகை இருக்கு, 2,800 மணி நேர வேலை அனுபவம் கேப்பாங்க, முடிச்சதும் ரெண்டு வருஷம் நாட்டுக்குத் திரும்பி வந்து இருக்கணும். காணாமல் ஆக்கப்பட்டவங்க குடும்பங்களோட நீங்க செஞ்ச வேலைக்கு இன்னைக்கே கடிதம் வாங்கி வச்சுக்குங்க, தன்னார்வ வேலையும் அந்தக் கணக்குல வரும்.

கேள்வி: மகளுக்கு இங்கிலாந்துல ஒரு வருஷ எல்எல்எம் சீட் கிடைச்சிருக்கு, மனித உரிமைப் படிப்பு. உதவித்தொகை இல்ல. படிப்பு முடிச்சு இப்பதான் ஒரு வருஷம் ஆகுது. வீட்டுப் பத்திரத்த வச்சு லோன் போடலாமா, முடிச்சா ஐநாவுல வேலைங்கறாளே?
– ஒரு தகப்பனார், சேலம்

பதில்: சார், பத்திரத்த வைக்காதீங்க. எல்எல்எம் முடிச்சு நேரா ஐநாவுல சம்பளத்தோட உக்கார்றவங்க ரொம்ப ரொம்ப கம்மி, உள்ள போற முதல் வாசல் இன்டர்ன்ஷிப், ஐநா தலைமைச் செயலகம் அதுக்குச் சம்பளம் குடுக்கறதில்ல, ஜெனீவாவுல வாடகைக்கே நீங்க இன்னொரு லோன் போடணும். மனித உரிமைத் துறையில கார்ப்பரேட் சம்பளம் இல்ல, கடன் கட்டுறதுக்காகவே பொண்ணு ஆசைப்பட்ட வேலைய விட்டுட்டு வேற வேலைக்குப் போற நிலைமை வரும். அப்படி வந்தவங்கள பாத்திருக்கேன் சார், அவங்க முகத்தப் பாக்கவே கஷ்டமா இருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. வெளிநாட்டு ஒரு வருஷ எல்எல்எம்-ஐ இந்திய எல்எல்எம்முக்குச் சமமா எடுத்துக்க மாட்டோம்ங்கற மாதிரி பார் கவுன்சில் 2021 ஜனவரியில விதி போட்டுச்சு, அது உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. வக்கீலா இருக்க எல்எல்எம்மே தேவையில்ல, ஆனா இங்க வாத்தியாராகணும்னா இன்னைய தேதிக்கு என்ன நிலைமைன்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கச் சொல்லுங்க.

அதுக்காக வேண்டாம்னு சொல்லல. ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க. செவனிங்குக்கு ரெண்டு வருஷ அனுபவம் வேணும், அமெரிக்கா ஃபுல்பிரைட்-நேரு முதுகலைக்கு மூணு வருஷம், அதுல சர்வதேச சட்டப் படிப்பும் ஒரு பிரிவு. பட்டியலினக் குடும்பம்னா மத்திய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் இருக்கு, 2022ல இருந்து இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பத்தின ஆய்வுகளுக்கு அதுல இடம் இல்லன்னு மாத்திட்டாங்க, அதனால அவ எடுக்கிற தலைப்பு அதுல வருமான்னு பாத்துக்கணும். நம்ம மாநிலத்துல ஆதிதிராவிடர் நலத்துறையோட அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கு. வேலை பாத்துக்கிட்டே படிக்கணும்னா ஆக்ஸ்ஃபோர்டுல சர்வதேச மனித உரிமைச் சட்டத்துக்கு ரெண்டு வருஷ பகுதிநேரப் படிப்பு இருக்கு, வருஷத்துல சில வாரம் மட்டும் நேர்ல போகணும்.

இந்த வாரமே அந்த யூனிவர்சிட்டிக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்க சார், சீட்ட அடுத்த வருஷத்துக்கு மாத்தித் தர முடியுமான்னு. பல இடத்துல ஒத்துக்குவாங்க, ஆனா டெபாசிட் கட்டறதுக்கு முன்னாடி கேக்கணும்.